சொந்த அக்காவா?

திருச்சி விமான நிலையத்தை விட்டு ஆட்டோ வெளியே வருவதற்குள் ஓட்டுநர் என் ஊர், வேலை, கல்யாணம் மூன்றையும் விசாரித்து முடித்துவிட்டார். ஊர் அயர்லாந்தில் கார்க், வேலை ஆஸ்பத்திரி லேபில், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். கடைசிப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. டி.வி.எஸ். டோல்கேட் தாண்டும்வரை ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். அப்புறம் இங்கே யார் வீட்டுக்கு என்று கேட்டார். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்கு என்றேன்.

"சொந்த அக்காவா?"

கார்க்கில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் மழையைப் பற்றி மட்டும்தான் பேசுவார். இங்கே இறங்கி அரை மணி ஆகவில்லை, பரம்பரையையே நோண்டுகிறார்கள். "சொந்தம்தாங்க, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் பாலக்கரையில் வண்டியை நிறுத்தி எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அக்கா வீடு என்று சொன்னேனே தவிர, அக்கா இல்லை. மூளைக்காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. வீட்டில் இருப்பவர்கள் அத்தானும், ஒன்பது வயது யாழினியும்தான். அத்தான் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி ஒன்றில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவின் முதல் திதி முடிந்த அன்று போனில் அழைத்தார். "எனக்கப்புறம் இவளுக்கு யாரும் இல்ல வளரு. நீ வச்சுக்கிறியா?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

சரி என்று சொல்வதற்கு ஒரு நொடி. அதைச் சட்டப்படி செய்வதற்கு இரண்டு வருஷம். அயர்லாந்து அதிகாரி ஒருவர் என் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், என் பழைய காதலைப் பற்றிக்கூடக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் நான் அம்மாவாகத் தகுதியானவள் என்று ஒப்புதல் வந்தது. மிச்சம் இந்தியப் பக்கத்து வேலை. யாழினியை என் மகளாக்கிக்கொள்ள என்னென்ன தேவையோ அதை முடிக்காமல் கார்க் திரும்புவதில்லை என்று லீவு கேட்கும்போதே தீர்மானித்திருந்தேன்.

பெண்டாட்டி இல்லாத வீட்டில் மச்சினி தங்கினால் தெரு என்ன பேசும் என்று தெரியும். அதனால் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாழினியைக் கூட்டிக்கொண்டு ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். நெய் ரோஸ்ட்டைக் கூம்பின் நுனியிலிருந்து ஒடித்துத் தின்றுகொண்டே அவளும் ஒரு விசாரணை நடத்தினாள். அயர்லாந்துக்காரர் தேவலை என்று ஆகிவிட்டது. அங்கே வெயில் அடிக்குமா, ஸ்கூலில் தமிழ் உண்டா, நெய் ரோஸ்ட் கிடைக்குமா? முதல் இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, மூன்றாவதை நான் சுட்டுத் தருகிறேன் என்றேன்.

"உங்களுக்குத் தோசை வட்டமா வராதுன்னு அம்மா சொல்லுவாங்களே" என்றாள்.

செத்தும் என் மானத்தை வாங்குகிறாள் பார், என்று அக்காவை மனசுக்குள் திட்டினேன். திட்டியதும் அழுகை வந்துவிட்டது. சாம்பார் காரம் என்று சமாளித்தேன்.

திங்கட்கிழமை நான் செய்தது சுத்த வெளியூர்க்காரி வேலை. கலெக்டர் ஆபீஸில் திங்கள் என்றால் மனுநாள், மாவட்டமே திரண்டு வரும் என்பது மறந்தே போயிருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டுகிறார்கள், அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே எல்லா வண்டியும் நிற்கிறதோ என்று தோன்றியது. கார்க்கில் பஸ் இப்படி நின்றால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கண்டக்டரே இறங்கிப்போய்ப் போக்குவரத்தைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். நான் பார்க்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் மனுநாள் கூட்டத்தில் இருந்தார், நாளைக்குத்தான் பார்க்க முடியும். வந்தது வந்தோம் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பட்டா மாற்றத்துக்காக உப்பிலியபுரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்த ஓர் அம்மா, கேட்காமலே டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சை சாதம் வைத்து நீட்டினார். அந்தச் சாதத்துக்கு விலையாக என் கதை முழுவதையும் வாங்கிக்கொண்டார். எதிர்பார்த்த கேள்வி வந்தது. இந்தத் தடவை கோபம் வரவில்லை. "பெரியம்மா பொண்ணுங்க. அவங்க அம்மாவும் எங்க அம்மாவும் அக்கா தங்கச்சி" என்றேன்.

"அப்ப சொந்த அக்காதான்" என்று அவர் முடித்துவிட்டார்.

எனக்கும் வேறு மாதிரி தோன்றியதே இல்லை. காட்டூரில் ஒரே வீட்டில் மாடியில் நாங்கள், கீழே பெரியம்மா குடும்பம். சாப்பாடு கீழே, தூக்கம் மாடியில். என் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவை விட அழகாகப் போட்டவள் அக்கா. மாட்டிக்கொண்ட அன்று அடி வாங்கியவளும் அவள்தான். கசின் என்று இங்கேயும் ஒரு வார்த்தை புழங்குகிறது. அது கல்யாண மண்டபத்தில் பெயர் மறந்துபோனவர்களை அறிமுகப்படுத்தப் பயன்படுவது. கலைச்செல்வியை நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் உறவு என்று கேட்ட இடத்தில் யோசிக்காமல் அக்கா மகள் என்று போட்டேன். ஆங்கிலத்தில் அது உடன்பிறந்த சகோதரியின் மகளாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அலுவலர் அம்மா கோப்பைப் பிரித்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க இனிஷியல் ச. நீங்க மு. கூடப் பொறந்தவங்கன்னு போட்டிருக்கீங்களே?"

சொன்னேன். காட்டூர், மாடி, கீழ் வீடு எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஊர்ல கேட்டா எனக்கும் அது அக்காதாங்க. இந்த ஃபைல்ல அக்கா இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது கார்க் வரைக்கும் பிரசித்தம். அவள் அக்கா இல்லை என்று சொல்ல நீங்கள் யார் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஏனென்றால் அவர் இன்னும் முடிக்கவில்லை. பிள்ளையின் அப்பா அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி இவர்கள்தான் தத்து விதிகளில் உறவினர். பெரியம்மா மகள் அந்தப் பட்டியலில் கிடையாது. நான் உறவினர் வழியில் விண்ணப்பித்திருக்கிறேன். தகவல் தவறு என்று இவர் ஒரு வரி எழுதினால் அயர்லாந்து தன் ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்கப்புறம் எனக்கு யாழினி கிடையாது, யாழினிக்கு யாரும் கிடையாது. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கே.கே. நகரில் ஸ்டெல்லா மேடம் என்று ஒரு வக்கீல். என்னோடு படித்த ஒருத்தி இவரிடம்தான் போகச் சொன்னாள். பிள்ளைகளைத் தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் அயர்லாந்து சேர்வதற்கு முன்னால் அவள் தன் தம்பி மகனைத் தத்துப் பத்திரம் ஒன்றை மட்டும் பதிவு செய்து அங்கே கூட்டிக்கொண்டு போனவள். "உனக்கு ஏன்டி இவ்வளவு சுத்து?" என்று போனில் வேறு கேட்டுக் கடுப்பேற்றினாள்.

ஸ்டெல்லா மேடம் முன்னறையில் டீயும் கைமுறுக்கும் வைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். நாடு விட்டு நாடு பிள்ளைகளை விற்காமல் இருக்கத்தான் அந்த ஒப்பந்தம். சேர்ந்த நாடு ஒவ்வொன்றிலும் அதற்கென்று ஓர் அலுவலகம், இரண்டு அலுவலகமும் சரி என்றால்தான் பிள்ளை விமானம் ஏறும். இந்துக்கள் காலங்காலமாகக் கையால் கொடுத்து வாங்கிப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் வந்தபின் அந்தப் பத்திரத்தை வெளிநாடுகள் ஏற்கவில்லை, டெல்லியில் இருக்கும் நம் அலுவலகமும் தடையில்லை என்று எழுதித் தரவில்லை. தத்துக் கொடுத்த பிள்ளைகள் வருஷக்கணக்கில் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது விதியைத் திருத்தி ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பத்திரம் பதிவாக வேண்டும், கலெக்டர் சரிபார்த்து அனுப்ப வேண்டும், அயர்லாந்து ஒப்புக்கொள்ள வேண்டும், டெல்லி கடிதம் தர வேண்டும்.

"அந்த வழியில நீங்க உறவா இருக்கணும்னே அவசியம் இல்ல. எங்க கிறிஸ்தவங்களுக்கு இந்தப் பத்திர வழியே கிடையாது. நீங்க கொடுத்து வச்சவங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். முன்பு கொடுத்த தகவலைத் திருத்தி, நோட்டரி முன்னால் ஒரு சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். யாழினியின் தாய் கலைச்செல்வி எனக்குச் சகோதரி அல்ல என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரியம்மா மகள் என்று மட்டும் எழுதக்கூடாதா என்று கேட்டேன். அதுவும் எழுதலாம், ஆனால் சகோதரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அல்ல என்று ஒரு தடவை தெளிவாக மறுத்தே ஆகவேண்டும் என்றார். முறுக்கை வைத்துவிட்டேன். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேன்.

அன்றைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு மாறாமல் எங்கேயோ போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் காட்டூர். பழைய வீடு இருந்த இடத்தில் இரண்டு மாடி கட்டி, கீழே பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். நான் கடைக்கு முன்னால் நின்றதைப் பார்த்துக் கடைக்காரர் என்னம்மா வேணும் என்று கேட்டார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஓர் இரும்புத் தோசைக்கல் வாங்கிக்கொண்டேன். அதைச் சுமந்துகொண்டு மறுபடி இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்தேன். கைவலியில் உயிர் போனது.

வீட்டுக்குப் போனபோது அத்தான் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தார். கை வீங்கியிருந்தது. யாழினி அவருக்குத் தண்ணீரை டம்ளரில் பாதி மட்டும் அளந்து கொடுத்தாள், அதற்கு மேல் குடிக்கக்கூடாதாம். ஒன்பது வயதுப் பிள்ளை அப்பாவுக்குத் தண்ணீர் அளக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

அத்தான் கண்ணைத் திறக்காமலே, "உங்க அக்கா எத்தனை தடவை பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கா உனக்காக? நீ ஒரு தடவை போடு" என்றார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஸ்டெல்லா மேடம் வீட்டு வாசலில் நின்றேன். நோட்டரி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வலித்தது, அதை மறைக்கப் போவதில்லை. வெளியே வந்து நன்னாரி சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நகலை லாட்ஜ் அறையில் மேஜையில் வைத்தது என் முட்டாள்தனம். சாயங்காலம் வந்த யாழினி, எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடமாட்டாள், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

"எங்கம்மா உங்களுக்கு அக்கா இல்லையா சித்தி?"

இதற்கு ஒப்பந்தத்தில் என்ன விடை இருக்கிறது? சட்டத்துக்கு இல்லை, நமக்கு உண்டு என்றேன். என் அம்மாவும் அவள் பாட்டியும் கூடப் பிறந்தவர்கள், நானும் அவள் அம்மாவும் அப்படியல்ல என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். புரிந்தது என்று தலையாட்டினாள். ஆபீஸில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றாள். உண்மையைச் சொல் என்றேன். "எந்த உண்மையை?" என்று கேட்டாள். தலைவாரி விடுகிறேன் வா என்று கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வீட்டிலேயே தத்து. வெறும் பத்திரம் செல்லாது, பெற்றவர் கையால் கொடுக்க வேண்டும், எடுப்பவர் கையால் வாங்க வேண்டும், அதைச் சாட்சிகள் பார்க்க வேண்டும் என்பது சட்டம். சாட்சிக்கு எதிர் வீட்டுக்காரரும், அத்தானோடு மண்டியில் வேலை பார்த்த நண்பரும் வந்தார்கள். நண்பர் ஒரு பந்து சம்பங்கியும் கொண்டு வந்தார். ஆதாரத்துக்குப் படம் வேண்டும் என்று ஸ்டூடியோக்காரரையும் கூப்பிட்டிருந்தோம். அவர் கல்யாணம் எடுத்தே பழகியவர் போல, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி கொடுங்க சார்" என்றார்.

அத்தான் சிரிக்கவில்லை. புதுவேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார். யாழினியின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். "என் பொண்ணை உனக்குக் கொடுத்துட்டேன் வளரு" என்றார். நான் வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். என் கையில் இருந்த சின்ன விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக்காரர் மெதுவாக, சொல்லும்மா என்றார். சொன்னேன். அத்தான் தன் கையை எடுத்தபிறகும் யாழினி அவர் சட்டை நுனியை விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே நின்றாள். அந்தப் படத்தைத்தான் ஸ்டூடியோக்காரர் எடுத்தார். அதுதான் ஃபைலில் இருக்கிறது.

பத்திரம் அன்றே பதிவானது. செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் கலெக்டர் ஆபீஸ் போனோம். இந்தத் தடவை பாலத்தை நம்பாமல் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினோம், அன்று பார்த்துப் பாலம் காலியாகக் கிடந்தது. அலுவலர் அம்மா பிரமாணத்தைப் படித்தார், பத்திரத்தைப் படித்தார், படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அத்தானிடம் யாராவது வற்புறுத்தினார்களா, பணம் கைமாறியதா என்றெல்லாம் கேட்டார். பிறகு யாழினியை நாற்காலியில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். காதில் விழுகிற தூரம்தான்.

"இவங்க உனக்கு யாரு பாப்பா?"

யாழினி மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தாள். "எங்கம்மாவோட அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க. அந்தத் தங்கச்சியோட பொண்ணு." அலுவலர் எழுதிக்கொண்டார். என் நெஞ்சு லேசானது. இவங்களோட போக உனக்கு இஷ்டமா என்றார். அப்பாவைப் பார்க்க லீவுக்கு வரணும், அதுக்கு ஒத்துக்கிட்டா இஷ்டம் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். கடைசியாகத்தான், அங்கே போய் இவங்களை எப்படிக் கூப்பிடுவாய், அம்மான்னுதானே என்று கேட்டார்.

"இல்ல. சித்தின்னுதான். அம்மாவோட தங்கச்சியைச் சித்தின்னுதானே கூப்பிடணும்?"

நோட்டரி, முத்திரை, அல்ல என்ற வார்த்தை எல்லாவற்றையும் பிள்ளை ஒரே வரியில் கழுவி ஊற்றிவிட்டது. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். அலுவலர் அம்மா பேனாவை நிறுத்தி, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுது. டெல்லிக்குத் தெரியாது" என்றார். பிறகு குனிந்து, தாயின் சித்தி மகள் என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதினார். பரிந்துரைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, கலெக்டரின் மேஜைக்கு அனுப்பினார்.

கலெக்டர் அனுப்பி, அயர்லாந்து பதில் எழுதி, டெல்லி கடிதம் தர இன்னும் மாசங்கள் ஆகும். அதுவரை பிள்ளை இங்கே, நான் அங்கே. ஸ்டெல்லா மேடம் வாரம் ஒரு தடவை விசாரித்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், நான் இரண்டு தடவை நச்சரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்த அன்றே டிக்கெட் போடுவேன். தோசைக்கல்லை யாழினியிடம் கொடுத்து, எண்ணெய் தடவிப் பழக்கி வை, வரும்போது கொண்டு வரலாம் என்றேன். வட்டமா வராது, இருந்தாலும் பழக்கி வைக்கிறேன் என்றாள்.

அத்தானும் அவளும் விமான நிலையத்துக்கு வரவில்லை, அன்று டயாலிசிஸ் நாள். குடியேற்றச் சோதனையில் ஓர் இளைஞர் என் அயர்லாந்து பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த நாடு இந்தியா என்று இருப்பதையும் என் பெயரையும் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். யாரைப் பார்க்க வந்தீங்க என்றார்.

"எங்க அக்கா வீட்டுக்கு" என்றேன்.

"சொந்த அக்காவா?"

இந்த மேஜையில் நான் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

"ஆமாங்க. சொந்த அக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு, பாஸ்போர்ட்டில் ஓங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்.